பெங்காலி ரொட்டியா, பங்காளி ரொட்டியா?

மேல்புறம் நன்றாக உப்பி, தோல் பழுப்பாகச் சிவந்திருக்கும் பெரிய ரொட்டிதான் ‘ரொட்டி பெங்காலி’. தடிமனாக நறுக்கி, பட்டரும் காயாவும் தடவி அரைவேக்காட்டு முட்டையுடன் சாப்பிடுவார்கள். கறிக்குழம்பில் தொட்டுக்கொள்வதும் உண்டு. பேச்சில் பெரும்பாலும் ‘பெங்காலி’ என்றாலும், ‘பங்காளி’ என்பதே சரி என்று சொல்வோர் பினாங்கில் இருக்கிறார்கள்.

அவர்கள் காட்டுவது, 1928-இல் பினாங்கில் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் மலாயா பேக்கரியை. அங்கு வேலை செய்தவர்களுக்கும் தொழிலில் பங்கு இருந்ததால் ‘பங்காளி ரொட்டி’ என்ற பெயர் வந்தது, அதுவே பிறர் வாயில் ‘பெங்காலி’ ஆனது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

மலாய்க்காரர்களுக்குப் ‘பெங்காலி’ ஏற்கெனவே பழகிய சொல். கல்கத்தா துறைமுகம் வழியாக வந்த சீக்கியர்களையும் அக்காலத்தில் அப்படித்தான் அழைத்தார்கள். எனவே புதிய சொல் பழைய சொல்லாகக் காதில் விழுந்திருக்கலாம்.

எழுத்தைப் பார்த்தும் இதைத் தீர்க்க முடியாது. மலாயில் வேறு வேறு எழுத்துகளாக உள்ள இரண்டு ஒலிகளுக்கும் தமிழில் ஒரே ‘ப’தான். மலாயில் ளகரமும் இல்லை. ஆகவே ‘பங்காளி’ மலாய்க்குப் போனால் ‘பங்காலி’ ஆகிவிடும். அங்கிருந்து ‘பெங்காலி’க்கு அதிகத் தூரமில்லை.

பொருளில் மட்டும் ஒரு கேள்வி எழும். பங்காளி என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது தகப்பன் வழி உறவுதான். தொழிலில் பங்கு வைத்தவரைக் கூட்டாளி, பங்குதாரர் என்போம். ஆனாலும் பங்குக்கு உரியவர் என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. ஒன்று வந்த திசையைச் சொல்லும் பெயர்; மற்றது உழைத்தவரின் பங்கைச் சொல்லும் தமிழ்ப் பெயர். இந்த உச்சரிப்பைச் சிலர் விட்டுக்கொடுக்காததற்குக் காரணம் அதுதான்.

ஊருக்கு ஊர் பெயர் மாறுவது ரொட்டிக்குப் புதிதல்ல. நாம் ரொட்டி என்பதைத் தமிழ்நாட்டில் பிரெட் என்பார்கள். இலங்கையில் அது பாண், போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொல். தியோமான் தீவுக்குப் படகு ஏற மெர்சிங் வரும் சிங்கப்பூரர் ‘பிராட்டா’ என்று கேட்டால், அவர் மேசைக்கு வருவது நம்முடைய ரொட்டி சானாய்தான்.