டைனோ அளவீட்டில் குதிரைத்திறன் திருத்தத் தரநிலைகள்: ஒரு வரலாற்று ஆய்வு

பெட்ரோல் எஞ்சினின் திறன் அது உள்ளிழுக்கும் காற்றின் நிறையைப் பொறுத்தது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது; வெப்பம் ஏறினாலும் காற்றழுத்தம் இறங்கினாலும் அடர்த்தி குறையும். நீராவி ஆக்சிஜனுக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இதனால் ஒரே எஞ்சின் குளிர்ந்த காலையில் ஓர் அளவும் கொதிக்கும் நண்பகலில் வேறோர் அளவும் காட்டும். இவ்வேறுபாட்டை நீக்கி, எல்லா அளவீடுகளையும் ஒரே வானிலைக்கு மாற்றும் கணக்கே திருத்தத் தரநிலை.

திறனை அளக்கும் கருவிகளான டைனோக்கள் காருக்கு முற்பட்டவை. பிரான்சின் காஸ்பார் த ப்ரோனி 1821இல் உராய்வுத் தடையையும், இங்கிலாந்தின் வில்லியம் ஃப்ரூட் 1877இல் நீர்த்தடையையும் உருவாக்கினர். கார்த் தொழில் வளர்ந்தபின் வானிலைத் திருத்தம் தவிர்க்க முடியாததாயிற்று. எந்த வானிலையை அடிப்படையாகக் கொள்வது என்பதில் ஒற்றுமை இருக்கவில்லை. அமெரிக்கத் தானியங்கிப் பொறியாளர் சங்கத்தின் (எஸ்.ஏ.இ.) ஜே607 தரநிலை 15.6 டிகிரி செல்சியஸையும் 101.3 கிலோபாஸ்கல் உலர்காற்றழுத்தத்தையும் ஏற்றது. ஜெர்மனியின் டிஐஎன் 70020 அதே அழுத்தத்துடன் 20 டிகிரியைக் கொண்டது.

வானிலை ஒருபுறமிருக்க, எஞ்சினை எந்த நிலையில் சோதிப்பது என்பதும் எண்ணை மாற்றியது. அமெரிக்க நிறுவனங்கள் நெடுங்காலம் காற்று வடிகட்டி, காரின் புகைபோக்கி அமைப்பு முதலியன இல்லாத எஞ்சினின் மொத்தத் திறனையே விளம்பரப்படுத்தின. 1971இல் செவர்லே கோர்வெட்டின் எல்டி-1 எஞ்சினுக்கு மொத்தத் திறன் 330, அவற்றைப் பொருத்தி அளந்த நிகரத் திறன் 275 என இரண்டும் வெளியாயின. 1972 முதல் நிகர அளவே வழக்காயிற்று.

1980இல் எஸ்.ஏ.இ. ஜே1349 தரநிலையை வெளியிட்டது. அதன் அடிப்படை 25 டிகிரி, 99 கிலோபாஸ்கல் உலர்காற்றழுத்தம். இதில் திறன் உலர்காற்றழுத்தத்துக்கு நேர்விகிதத்திலும் தனிவெப்பநிலையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்திலும் மாறுவதாகக் கொள்ளப்படுகிறது. உராய்வு இழப்பு வானிலையைச் சார்ந்ததன்று என்பதால், இயந்திரப் பயனுறுதிறன் 85 விழுக்காடு எனக் கொண்டு சூத்திரம் சரிசெய்யப்பட்டது. ஜே607 இன்றும் பல டைனோக்களில் ‘எஸ்டிடி’ என்ற பெயரில் வழங்குகிறது. அதன் எண் ஜே1349ஐவிட ஏறத்தாழ 4 விழுக்காடு கூடுதல். ஜே1349படி 300 குதிரைத்திறன் காட்டும் எஞ்சின் எஸ்டிடியில் சுமார் 312 காட்டும்.

சோதனை முறையில் எஞ்சியிருந்த தெளிவின்மைகளை ஜே1349இன் 2004ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு நீக்கியது. 2005இல் வந்த ஜே2723, சான்றளிப்புச் சோதனையில் தகுதிபெற்ற சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும் என விதித்தது. புதிய விதிகளின்படி டொயோட்டா கேம்ரியின் 3.0 லிட்டர் வி6 எஞ்சின் 210இலிருந்து 190க்கு இறங்கியது. முதலில் 500 என மதிப்பிடப்பட்ட கோர்வெட் இசட்06 எஞ்சினோ 505 எனச் சான்று பெற்றது.

எந்தச் சூத்திரத்துக்கும் எல்லை உண்டு. ஜே1349 தன் திருத்தத்தை 7 விழுக்காட்டுக்குள் நிற்கச் சொல்கிறது. சுமார் 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வர் நகரில் திருத்தக் காரணி 1.2 வரை எட்டுவதால், அங்குக் கிடைக்கும் எண் நம்பகம் குன்றியது. டர்போ எஞ்சின்களில் சிக்கல் இன்னும் பெரிது. டர்போ கூடுதலாகச் சுழன்று மெல்லிய காற்றின் குறையைப் பெருமளவு தானே ஈடுசெய்துவிடும். அதன்மேல் முழுத் திருத்தத்தையும் ஏற்றினால் இல்லாத திறன் தாளில் தோன்றும்.

ஆகவே இரண்டு டைனோ அறிக்கைகளை ஒப்பிட வேண்டுமானால் தரநிலையின் பெயர், திருத்தக் காரணி, திருத்தாத அளவு, சோதனை நேர வானிலை ஆகிய நான்கும் அவற்றில் இருக்க வேண்டும். இவையின்றித் தரப்படும் குதிரைத்திறன் எண் ஒப்பீட்டுக்கு உதவாது.