கடலடியில் ஒரு கணக்கு

போர்க்கப்பலுக்கு நட்பு உண்டா? நன்றி உண்டா? நம்மவர், பிறர் என்று பிரித்தறியும் நெஞ்சம் உண்டா? ஜப்பானியக் கடற்படையின் ஐ-29 என்னும் நீர்மூழ்கிக் கப்பலின் கதையை முன்வைத்து இக்கேள்வியை எழுப்புகிறோம்.

1942 பிப்ரவரியில் பணியில் இறங்கியது அக்கப்பல். அவ்வாண்டு நவம்பர் 23, பொழுது புலராத வேளை. பம்பாயிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவின் மொம்பாசாவுக்குச் சென்றுகொண்டிருந்தது திலாவா என்னும் பிரிட்டிஷ் பயணிக் கப்பல். அதில் இருந்தோர் 958 பேர். பயணிகளில் பெரும்பாலோர் இந்தியர். ஐ-29 ஏவிய டார்பிடோ பாய்ந்தது. படகில் இறங்கியோரில் பலர், கப்பல் உடனே மூழ்காதது கண்டு மீண்டும் ஏறினர். இரண்டாவது டார்பிடோ வந்தது. 280 உயிர்கள் கடலுக்கு இரையாயின.

ஐந்து திங்கள் கழிந்தன. 1943 பிப்ரவரியில் ஜெர்மனியின் கீல் துறைமுகத்திலிருந்து யு-180 என்னும் நீர்மூழ்கியில் புறப்பட்ட சுபாஷ் சந்திர போஸ், ஏப்ரல் 28ஆம் நாள், மடகாஸ்கருக்கு அப்பால், கொந்தளிக்கும் அலைகளுக்கிடையே ரப்பர் மிதவையில் இறங்கினார். உடன் வந்தவர் ஆபித் ஹசன். அவ்விருவரையும் ஏற்றிக்கொள்ளக் காத்திருந்த கப்பல் எது? அதே ஐ-29! சுமத்ராவின் அருகிலுள்ள சபாங் தீவில் அவர்களைக் கரைசேர்த்தது. பின்னர்ச் சிங்கப்பூரில் போஸ் விடுத்த அழைப்பை ஏற்று, மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர் ஆயிரக்கணக்கில் அவர் படையில் சேர்ந்தனர்.

இந்தியரைக் கொன்ற கப்பலே இந்திய விடுதலைக்கு ஊர்தியாயிற்று. மனம் மாறியதோ? இல்லை! அவ்வாண்டு ஜூலையிலேயே ரஹ்மானி என்னும் மற்றொரு பயணிக் கப்பலை அது மூழ்கடித்தது. அழித்ததும் ஆணை; அழைத்துச் சென்றதும் ஆணை. டோக்கியோவுக்குப் பயன்படும் வரை போஸ் விருந்தினர். பயன்படாத பயணிகள் வெறும் இலக்கு.

அந்தக் கப்பலுக்கும் முடிவு வந்தது. முன்னர் ஐ-19க்குத் தலைமை தாங்கி, வாஸ்ப் என்னும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலை வீழ்த்திய கினாஷியின் தலைமையில், 1944 மார்ச் 11இல் பிரான்சின் லோரியான் துறைமுகத்தை அடைந்தது. ஜெட் விமானம், ராக்கெட் விமானம் ஆகியவற்றின் வரைபடங்களைச் சுமந்து ஜூலை 14இல் சிங்கப்பூர் திரும்பியது. அங்கிருந்து ஓர் அதிகாரி, ஆவணங்களில் ஒரு பகுதியுடன் விமானத்தில் ஜப்பான் சென்றார். எஞ்சியவற்றுடன் கப்பல் புறப்பட்டது.

தம் சங்கேதச் செய்திகளைப் பகைவர் படிக்க முடியாதென்று நம்பினர் ஜப்பானியர். சோதித்துப் பாராத நம்பிக்கை! அமெரிக்கர் அவற்றைப் படித்துக்கொண்டிருந்தனர். ஜூலை 26ஆம் நாள், பிலிப்பைன்சின் வடபகுதியிலுள்ள பலிண்டாங் கால்வாயில், சாஃபிஷ் என்னும் அமெரிக்க நீர்மூழ்கி காத்திருந்தது. மூன்று டார்பிடோக்கள் தாக்கின. 105 பேர் மாண்டனர்; பிழைத்தவர் ஒருவரே.

போஸ் ஏறிய கப்பலென்று ஐ-29ஐப் புகழ்வோர் உண்டு. புகழட்டும், ஆனால் திலாவாவின் 280 பேரை மறைத்துவிட்டுப் புகழ்வது வரலாறாகாது. ஆணைக்கு அடங்கி, அக்கப்பலோடு அமிழ்ந்த 105 பேரும் தாய் பெற்ற பிள்ளைகளே. தலைவரின் பயணத்தைப் பொன்னெழுத்தில் பொறித்து, எளியோரின் சாவை அலைநுரையில் எழுதும் வழக்கத்தை விட்டொழிப்போம். கணக்கென்றால் வரவும் வேண்டும், செலவும் வேண்டும்.