புக்கிட் பாத்தோக் படிக்கட்டு

சிங்கப்பூர்னா ஷாப்பிங் மால் மட்டும்தான்னு நினைக்கிற மக்களுக்காக இது. நான் குடியிருக்கிற பேட்டைக்குப் பக்கத்துல புக்கிட் பாத்தோக் இயற்கைப் பூங்கான்னு ஒண்ணு இருக்கு. பழைய கருங்கல் குவாரி. 1988ல பூங்காவாக்கினாங்க. குரங்குகளைத் தவிர பெருசா சத்தமே கிடையாது :-)

பூங்காவை ஒட்டின குன்றுல சுமார் 120 படிகள். மூச்சு வாங்க ஏறிப்போனா, சாமியும் இல்லை கோயிலும் இல்லை. வேலிக்குள்ள ஒரு ஒலிபரப்புக் கோபுரம். இதுக்கா இவ்வளவு படின்னு வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன்.

1942 பிப்ரவரி 15 அன்று, கொஞ்ச தூரத்துல இருக்கிற ஃபோர்டு தொழிற்சாலையிலதான் பிரிட்டிஷ் படை ஜப்பானிடம் சரணடைஞ்சது. அதே வருஷம், போரில் இறந்த தங்கள் வீரர்களுக்காக ஜப்பானியர் இந்தக் குன்றின் மேல் நினைவுத்தூண் எழுப்பினாங்க. கட்டினது யாருங்கிறீங்க? தோத்துப்போன ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் போர்க்கைதிகள்! அந்தத் தூணுக்குப் பின்னாலேயே, செத்துப்போன தங்கள் தோழர்களுக்கும் ஒரு மரச்சிலுவை நட்டாங்க. ஜப்பானியரும் அதை அனுமதிச்சிருக்காங்க.

1945ல ஜப்பான் சரணடைஞ்சது. இன்னிக்குத் தூணும் இல்லை, சிலுவையும் இல்லை. மிச்சம் இருக்கிறது படிகளும், கீழே வாசலில் ரெண்டு கல்தூண்களும்தான்.

இப்போ அதுல ஏறி இறங்கி உடற்பயிற்சி பண்றாங்க. நானும்தான். ஆனா கட்டினவங்க கைதிகள்னு தெரிஞ்ச பிறகு, படியை எண்ணிக்கிட்டே ஓட முடியலை. நடந்துதான் ஏறுறேன்.