கூரையைக் கழற்றியது யார்?

கூரை இல்லை, யன்னலில் கண்ணாடியும் இல்லை. உயர்ந்த கல் வளைவுகளில் கொடி படர்ந்து தொங்க, அவற்றினூடாக வானம் தெரிகிறது. 1794இல் லண்டன் றோயல் அக்கடமியில் டேர்னர் காட்சிக்கு வைத்த டின்ரேர்ன் மடத்தின் நீர்வர்ண ஓவியம் இது. அப்போது அவருக்கு 20 வயதுகூட ஆகவில்லை.

வேல்ஸ் எல்லையோரம் ஓடும் வை ஆற்றில் படகேறிப் போய் இடிபாடு பார்ப்பது அந்தக் காலத்தில் பெரிய மோகம். வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் 1782இல் வெளியிட்ட பயணநூல்தான் இதற்கு வழிகாட்டி. 1793இல் பிரான்ஸுடன் போர் தொடங்கியதும், ஐரோப்பா சுற்றப் போக முடியாத வசதியானவர்களும் உள்நாட்டு இடிபாடுகளைத் தேடத் தொடங்கினார்கள். அதற்கு நீர்வர்ணம் தோதான ஊடகம். கட்டிவர்ணமும் தூரிகையும் தாளும் கொஞ்சத் தண்ணீரும் போதும், கெதியாகக் காயும். மெல்லிய பூச்சில் கல்லும் ஒளியும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துபோகும்.

அப்படிக் கரையும்போது வரலாறும் சேர்ந்து கரைந்துவிடுகிறது என்பதுதான் எங்கள் கவலை.

டின்ரேர்ன் தானாக விழவில்லை. 1131இல் தொடங்கிய அந்தத் துறவிமடத்தை 1536இல் எட்டாம் ஹென்றியின் அரசு மூடியது. துறவிகள் வெளியேற்றப்பட்டார்கள். கூரையில் இருந்த ஈயத்துக்கு நல்ல பெறுமதி. அதையும் கழற்றி எடுத்தார்கள். மழையும் கொடியும் வந்தது அதற்குப் பிறகுதான். ஆனால் ஓவியத்தைப் பார்ப்பவருக்குக் காலம்தான் இதை அழித்தது போலத் தெரியும். அரசாணை எங்கேயும் தெரியாது.

கில்பினுக்கு அந்த இடிபாடும் போதவில்லை. சுவர்முகடுகள் ஒழுங்காக நிற்பது கண்ணை உறுத்துகிறதாம். ஒரு சுத்தியலால் பக்குவமாக இரண்டு தட்டுத் தட்டினால் நல்லாயிருக்கும் என்று எழுதினார்! அதே நூலில் இன்னொன்றும் இருக்கிறது. இடிபாடுகளுக்குள் குடிசை போட்டுப் பிச்சையெடுத்து வாழ்ந்த ஏழைகளை அவர் கண்டார். நடக்கவே முடியாத ஒரு பெண், துறவிகளின் நூலகத்தைக் காட்டுகிறேன் என்று கூட்டிப்போனாள். அங்கே அவள் காட்டியது தான் குடியிருந்த இடத்தைத்தான்.

இந்த ஓவியங்களை நாங்கள் தூக்கியெறியச் சொல்லவில்லை. இடிந்த சுவரும் காக்கப்பட வேண்டியது என்ற எண்ணத்தை வளர்த்ததில் இவற்றுக்கும் பங்கு உண்டு. 1901இல் டின்ரேர்னை அரசே வாங்கிப் பராமரிக்கத் தொடங்கியது. ஓவியம் வடிவுதான், அதில் சந்தேகமில்லை. வடிவு என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போகமுதல், கூரையைக் கழற்றியது யார், உள்ளே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்றும் கேட்போம்.