கம்பிமேல் ஓடும் தண்டு

கிதாரை மடியில் மல்லாத்திப் போட்டு, விரலால் அழுத்தாமல் ஓர் இரும்புத் துண்டைக் கம்பிமேல் ஓட்டி வாசிக்கலாம் என்று முதலில் கண்டவர் ஜோசப் கெக்கூக்கு என்று ஹவாய்க்காரர்கள் சொல்வார்கள். ஓவாஹு தீவில் லாயியே கிராமத்துப் பையன். 1880களில் தண்டவாளத்தருகே கிடந்த போல்ட்டை எடுத்துக் கம்பியில் தேய்த்துப் பார்த்தார் என்பது கதை. ஹெலன் ராபர்ட்ஸ் 1926-இல் வெளியிட்ட ஹவாய் இசை ஆய்வு நூலில் இன்னொரு பெயரும் வருகிறது: கேப்ரியல் டேவியன். இந்தியாவில் பிறந்தவர், கப்பல் தலைவன் ஒருவனால் கடத்தப்பட்டு ஹொனலுலு போய்ச் சேர்ந்தவர். கெக்கூக்குவுக்கு முன்பே அவர் இப்படி வாசித்தார் என்கிறார்கள். அந்தத் தலைமுறையில்தான் இங்கே தஞ்சாவூர்ச் சீமையில் திருவிடைமருதூர் சகாராம ராவ் கோட்டு வாத்தியத்தில் தண்டை ஓட்டிக் கச்சேரி செய்துகொண்டிருந்தார். செம்மங்குடி சீனிவாச ஐயர் இளம் வயதில் அவரிடம் பாடம் கேட்டவர். யார் முதல் என்ற வழக்கில் எனக்கு அக்கறையில்லை. தண்டு ஓடினால் சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே உள்ள இடமும் பாடும் என்பதை இரண்டு கரையிலும் கண்டுகொண்டார்கள், அது போதும்.

ஹவாயில் கிதார் வந்த வழி மாட்டுத் தொழில். 1830களில் அரசர் அழைப்பில் வந்த மெக்சிகோ மாட்டுக்காரர்கள் அதைக் கொண்டுவந்தார்கள். தீவுக்காரர்கள் கம்பிகளைத் தளர்த்தி, எதையும் அழுத்தாமலே ஒரு முழு ஸ்வரக்கோவை ஒலிக்கும்படி சுருதி சேர்த்துக்கொண்டார்கள். தண்டுக்கு இது இல்லாமல் முடியாது. விரல்கள் ஆளுக்கொரு கட்டையில் நிற்கலாம்; தண்டு நேர்கோடு, ஒரே கட்டையில்தான் நிற்கும்.

1915 சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் ஹவாய் இசை அமெரிக்காவைப் பித்தாக்கியது. அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது. டாவ் மோ குடும்பம் 1940களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தது. டாவ் மோவிடம் கற்ற கார்னி நிஸ் அங்கே ஹவாய் வாத்தியக் குழு நடத்தினார். கவிஞர் காஜி நஜ்ருல் இஸ்லாமின் மகன் காஜி அனிருத்தா இதை வாசித்தார். வங்காள வீடுகளில் ரவீந்திர சங்கீதம் கேட்கும் வாத்தியமாகவே அது ஆகிவிட்டது.

பிறகு பாதை பிரிகிறது. எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த இடம் இதுதான். நேர்கோடு என்ற ஒரே தடைக்கு அமெரிக்கா ஒரு விடை சொன்னது, இந்தியா வேறு விடை சொன்னது.

அமெரிக்கா காலால் மிதிக்கும் பெடலைச் சேர்த்தது. 1954-இல் வெப் பியர்ஸ் பாடி வெளியான ‘ஸ்லோலி’ பாட்டில், பட் ஐசக்ஸ் ஒலித்துக்கொண்டிருக்கும் கம்பிகளில் சிலவற்றை மட்டும் பெடலால் ஏற்றினார். நாஷ்வில்லே வாத்தியக்காரர்கள் எல்லாரும் அதைத் தேடி ஓடினார்கள். பெடல் ஸ்டீலில் இன்றைக்கும் வழங்கும் அடிப்படை இரண்டு பெடல்களை நம் சுரத்தில் சொன்னால் உடனே புரியும்: கம்பிகள் ச, க, ப என்று ஒலிக்கின்றன, ஒரு பெடல் ப-வை த ஆக்கும், மற்றது க-வை ம ஆக்கும். தண்டு அசையாமலே ச-க-ப என்பது ச-ம-த ஆகிவிடுகிறது. வீணையில் விரல் கம்பியை இழுத்துச் செய்வதை இங்கே கால் செய்கிறது.

இந்தியா கோவையையே விட்டுவிட்டது. ஜோத்பூர் பிரிஜ் பூஷண் காப்ரா, அலி அக்பர் கானிடம் கற்றவர், தரையில் உட்கார்ந்து ராக ஆலாபனை வாசித்தார். 1967-இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியாவோடு சேர்ந்து பதிவான ‘கால் ஆஃப் தி வேலி’ அவரை வீடுவீடாகக் கொண்டுபோனது. ஜெய்ப்பூர் விஸ்வ மோகன் பட் கிதாரில் ஸ்ருதிக் கம்பிகளும் தொடாமலே ஒத்து அதிரும் தரப் கம்பிகளும் கட்டி மோகன வீணை செய்தார். அமெரிக்கக் கிதார் கலைஞர் ரை கூடருடன் வாசித்த இசைத்தட்டுக்கு 1994-இல் கிராமி கிடைத்தது.

இந்த வாத்தியம் என்னிடம் வந்தது நான் இருக்கும் பெங்களூரு வைட்ஃபீல்டில். வைட்ஃபீல்ட் 1882-இல் ஆங்கிலோ இந்தியர் சங்கம், மைசூர் மகாராஜா கொடுத்த நிலத்தில் தொடங்கிய குடியிருப்பு. இன்னர் சர்க்கிளில் சில ஓட்டு வீடுகள் இன்னும் நிற்கின்றன. மற்ற இடமெல்லாம் மென்பொருள் வேலைக்கு வந்த எங்களைப் போன்றவர்களின் அடுக்ககம். மகன் வீட்டோடு இருக்க வந்த வங்காளப் பெரியவர் ஒருவர் கல்கத்தாவிலிருந்து தன் பழைய கிதாரைப் போர்வையில் சுற்றி ரயிலில் கொண்டுவந்தார். அவரை மாஸ்டர்மஷாய் என்று கூப்பிடுகிறேன். பெடல் ஸ்டீல் வேண்டும் என்றுதான் அவரிடம் போனேன். “முதலில் கை. கால் பிறகு பார்க்கலாம்,” என்றார்.

சாதாரணக் கிதாரில் கம்பியை உயர்த்தும் உலோகப் பட்டை ஒன்றைத் தலைப்பக்கம் வைத்தால் போதும். பிறகு சுருதி: தடித்த கம்பியிலிருந்து ச, ப, ச, க, ப, ச. எந்தக் கம்பியையும் ஏற்ற வேண்டியதில்லை, நான்கைத் தளர்த்துகிறோம். தண்டு மெட்டுக் கம்பிக்குப் பின்னால் அல்ல, நேர் மேலே நிற்க வேண்டும். தலையைச் சாய்த்துப் பார்த்தால் கண் ஏமாற்றும், சுருதி கெடும். மோதிர விரல் தண்டுக்குப் பின்னே கம்பியைத் தொட்டபடியே வர வேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கத்துக் கம்பி தேவையில்லாமல் கூவும்.

சும்மா மீட்டினால் ச-க-ப. ஐந்தாம் கட்டையில் ம-த-ச. ஏழாம் கட்டையில் ப-நி-ரி. மூன்று இடங்களில் சங்கராபரணத்தின் ஏழு சுரமும் வந்துவிட்டன! ஓர் அமெரிக்க நாட்டுப்பாட்டுக்கு இந்த மூன்று இடங்கள் போதும். சங்கராபரணத்துக்குப் போதாது. மேல் ச-வைத் தொட்டு நி-க்கு இறங்கும்போது தண்டு எவ்வளவு நேரம் வழியில் தங்க வேண்டும் என்பதை எந்தக் கட்டையும் சொல்லாது. பாடிக் காட்டச் சொல்லி, பாடினபடி கையை ஓட்டச் சொல்கிறார் மாஸ்டர்மஷாய். தியாகராஜரை அவருக்கு அதிகம் தெரியாது. ஆனால் என் கை பாட்டைவிட்டு விலகும் இடத்தில் சட்டென்று நிறுத்துகிறார்.

இப்போது காம்போதி. காந்தாரக் கம்பியில் ஐந்தாம் கட்டை தைவதம், அடுத்த கட்டை கைசிகி நிஷாதம். அந்த ஒரு கட்டை தூரத்தைத்தான் தினமும் சாதகம் செய்கிறேன்.