ஸ்பானிய, போர்ச்சுக்கீசிய உரிமையியல் சட்டத்தில் வாதியைக் குறிக்கும் சொற்கள்

முன்னுரை

ஸ்பானியமும் போர்ச்சுக்கீசியமும் இலத்தீனிலிருந்து கிளைத்த மொழிகள். அவ்விரு நாட்டுச் சட்டங்களும் உரோமைச் சட்ட மரபில் வேரூன்றியவை. ஆயினும், உரிமையியல் வழக்குத் தொடுப்பவரை ஸ்பானியச் சட்டம் பெரும்பாலும் ‘தெமாந்தாந்தே’ எனவும் போர்ச்சுக்கீசியச் சட்டம் ‘அவுதோர்’ எனவும் சுட்டுகின்றன. இவ்வேறுபாட்டின் வரலாற்றையும் மொழிபெயர்ப்பில் அது விளைவிக்கும் சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

உரோமை மரபு

உரோமைச் சட்டத்தில் வாதி ‘ஆக்தோர்’ எனப்பட்டார். செயற்படுதல், வழக்கு நடத்துதல் எனப் பொருள்படும் ‘ஆகெரே’ என்னும் வினையடியாகப் பிறந்த சொல் இது. எதிர்த்தரப்பினர் ‘ரெயுஸ்’ எனப்பட்டார். இச்சொல் குற்றஞ்சாட்டப்பட்டவரை மட்டுமே குறித்ததன்று. உரிமையியல் வழக்கின் பிரதிவாதியையும் குறித்தது.

இரு கிளைகள்

13ஆம் நூற்றாண்டில் காஸ்தில் மன்னர் பத்தாம் அல்போன்சோ தொகுப்பித்த ‘ஏழு பகுதிகள்’ என்னும் சட்டநூலின் மூன்றாம் பகுதி வழக்கு நடைமுறையை விரிக்கிறது. அதில் வாதி ‘தெமாந்தாதோர்’, பிரதிவாதி ‘தெமாந்தாதோ’. கோருதல் என்னும் ஒரே செயலிலிருந்து இரு தரப்பினரும் பெயர் பெறுகின்றனர்: ஒருவர் கோருபவர், மற்றவர் கோரப்படுபவர்.

போர்ச்சுக்கலோ உரோமை இணையையே பேணியது. 1603ஆம் ஆண்டின் பிலிப்பு ஆணைத்தொகுப்பு, உரிமையியல் நடைமுறை கூறும் மூன்றாம் நூலில், ‘அவுதோர்’, ‘ரேயு’ என்னும் சொற்களை ஆள்கிறது. போர்ச்சுக்கலின் 2013ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலும் பிரேசிலின் 2015ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இவை தொடர்கின்றன. ஸ்பெயினிலும் பழைய சொல் முற்றிலும் மறையவில்லை. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் 217ஆம் பிரிவு மெய்ப்பிக்கும் பொறுப்பை வரையறுக்கையில் வாதியை ‘ஆக்தோர்’ என்றே குறிக்கிறது.

வாதியின் பொறுப்பு

பெயர் வேறாயினும் பொறுப்பு ஒன்றே. வழக்கைத் தொடங்குபவரும், கோரிக்கையின் எல்லையை வகுப்பவரும், தம் உரிமைக்கு அடிப்படையான நிகழ்வுகளை மெய்ப்பிக்க வேண்டியவரும் வாதியே. பிரேசில் சட்டத்தின் 373ஆம் பிரிவும் இதனையே விதிக்கிறது. அவ்வுரிமையைத் தடுக்கும், மாற்றும் அல்லது அழிக்கும் நிகழ்வுகளை மெய்ப்பிப்பது பிரதிவாதியின் கடமை.

மொழிபெயர்ப்புச் சிக்கல்

ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள் இரு மொழிகளில் பொருள் திரிந்துள்ளன. இன்றைய ஸ்பானிய வழக்கில் ‘ரெயோ’ பெரிதும் குற்றவியலுக்குரியது. ‘அவுதோர்’ குற்றவியல் சட்டத்தில் குற்றம் புரிந்தவரைக் குறிக்கிறது. ஸ்பானியம் மட்டும் அறிந்த ஒருவர் போர்ச்சுக்கீசியக் கடன் வழக்கொன்றை மொழிபெயர்த்தால், வாதி குற்றம் புரிந்தவராகவும், கடன்பட்ட பிரதிவாதி தண்டனைக்குரியவராகவும் தோன்றக்கூடும்.

முடிவுரை

ஸ்பானியம் கோரிக்கையை முதன்மைப்படுத்தியது. போர்ச்சுக்கீசியம் உரோமைப் பெயரைக் காத்தது. எனவே, இவ்வாவணங்களைத் தமிழாக்குவோர் வேர்ச்சொல்லை நம்பாமல், வழக்கு உரிமையியலா குற்றவியலா என முதலில் துணிந்து, அதன்பின்னரே ‘வாதி’, ‘பிரதிவாதி’, ‘குற்றஞ்சாட்டப்பட்டவர்’ என்பவற்றுள் ஒன்றைத் தேர்தல் வேண்டும்.