பாண்டிக்கு ட்ரிப்பா? ரூம் போடுறதுக்கு முன்னாடி எந்தக் கடல்னு முடிவு பண்ணுங்க!

"வெள்ளிக்கிழமை நைட் கிளம்புறோம், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரிட்டர்ன்." வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு மெசேஜ் விழுந்தால் போதும், அடுத்த பத்து நிமிஷத்தில் யாராவது ஒரு ஹோட்டல் லிங்க் போட்டுவிடுவார்கள். நீச்சல் குளம், வெள்ளை பெட்ஷீட், ஜன்னலில் நீலக்கடல். விலையும் ஓகே. நாலு பேர் தம்ஸ் அப் போட்டால் ரூம் புக் ஆகிடும்.

நானும் அப்படித்தான் ஒருமுறை பாண்டியில் ரூம் போட்டேன். 'ஸீ வியூ' என்று சொன்னதால் 900 ரூபாய் கூடுதல். போய்ப் பார்த்தால், பால்கனியின் இடது ஓரத்தில் நின்று கொஞ்சம் எட்டினால், ரெண்டு தண்ணீர் டேங்குகளுக்கு நடுவே ஒரு சாண் அகலத்துக்குக் கடல் தெரிந்தது. ரிசப்ஷனில் கேட்டேன். "தெரியுதுல்ல சார்?" என்றார்கள். தெரியத்தான் செய்தது, என்ன சொல்ல!

ஆனால், அன்றைக்கு நான் செய்த பெரிய தப்பு அதுவல்ல. கூட வந்தவர்கள் அலையில் ஆட்டம் போடலாம் என்று துண்டும் ஷார்ட்ஸுமாக வந்திருந்தார்கள். நான் ரூம் போட்டிருந்ததோ ராக் பீச் பக்கம். அங்கே பெரும்பாலும் பாறாங்கல்தான்!

மணல் எங்கே போச்சு?

பாண்டி என்றால் ஒரே கடற்கரை என்று நினைத்துத்தான் பலரும் கிளம்புகிறோம். போட்டோக்களில் பார்க்கிற அந்தக் கடற்கரைச் சாலை, காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம் எல்லாம் ராக் பீச். ஒரு காலத்தில் அங்கேயும் அகலமான மணல் இருந்தது. நம்ம கிழக்குக் கடற்கரையில் மணல் ஒரே இடத்தில் நிற்காது, வருஷத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் அந்த மணலை மறித்துவிட்டன. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே ஊருக்கு முன்னால் இருந்தது கரைந்தது. கரையைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். சில வருஷங்களுக்கு முன் கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டு அமைத்த பிறகு, தலைமைச் செயலகம் பக்கம் கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது. அவ்ளோதான்.

ஹோட்டல் தேடும்போது இந்தக் கதை எதுக்குன்னா, வெப்சைட்டில் இருக்கும் பீச் போட்டோ எந்த வருஷத்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கரை இப்படி மாறுகிற ஊரில் அஞ்சு வருஷத்துக்கு முந்தைய போட்டோவை நம்பக் கூடாது. மேப்பில் அந்த ஹோட்டலுக்கு நேர் எதிரே உள்ள கரையைத் தொட்டு, ஜனங்கள் சமீபத்தில் போட்ட படங்களைப் பாருங்கள். மணலா, கல்லா என்று ரெண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

அதனால் முதல் கேள்வி 'எந்த ஹோட்டல்?' கிடையாது. கடலை என்ன செய்யப் போறோம்? பார்க்கவா, காலை நனைக்கவா, சத்தத்தைக் கேட்டுக்கிட்டே தூங்கவா?

பார்க்க, நடக்க, காபி குடிக்க என்றால் ஒயிட் டவுன்தான். சாயங்காலத்திலிருந்து மறுநாள் காலை வரை கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்குத் தடை. ராத்திரி பத்து மணிக்கு அந்தச் சாலையில் நடந்துவிட்டு, ஸ்கூட்டர் எடுக்காமல் நடந்தே ரூமுக்கு வருவது தனி சுகம். அந்தச் சுகத்துக்குத்தான் அங்கே வாடகை அதிகம். பழைய பிரெஞ்சு வீடுகளை மாற்றிய விடுதிகளில் படிக்கட்டு செங்குத்தாக இருக்கும், பல இடங்களில் லிஃப்ட் கிடையாது. அப்பா, அம்மாவைக் கூட்டிட்டுப் போறீங்கன்னா கீழ்த்தள ரூம் கேளுங்கள்.

பட்ஜெட் இடிக்கிறதா? பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வாருங்கள். வைசியாள் வீதி மாதிரி இடங்களில் திண்ணையும் தாழ்வாரமும் முற்றமுமாகப் பழைய தமிழ் வீடுகள் இருக்கின்றன, அவற்றில் சில தங்கும் விடுதிகள். கடலுக்கு நடக்கிற தூரம்தான். என்னைக் கேட்டால், ஒயிட் டவுனைவிட இந்தப் பக்கம்தான் அழகு. இன்ஸ்டாவில் மஞ்சள் சுவர் அளவுக்கு எடுபடாததால் பலர் எட்டிப் பார்ப்பதில்லை.

மணலும் அலையும்தான் வேணும்னா ஊரை விட்டு வெளியே போகணும். வடக்கே தந்திராயன்குப்பம் பக்கம் செரினிட்டி பீச். சர்ஃபிங் கற்றுக்கொள்கிறவர்கள் அங்கேதான் தங்குவார்கள். அதையும் தாண்டினால் முதலியார்சாவடி, குயிலாப்பாளையம் பகுதிகளில் ஆரோவில்லை ஒட்டி மரங்களுக்கு நடுவே கெஸ்ட் ஹவுஸ்கள். தெற்கே போனால் சுண்ணாம்பாறு படகுத்துறை, அங்கிருந்து படகில் பாரடைஸ் பீச். இந்த இடங்களில் எங்கே தங்கினாலும் வண்டி வேண்டும். ராத்திரி ஆட்டோ கிடைப்பது கஷ்டம். வாடகையில் மிச்சம் பிடித்த காசு போக்குவரத்தில் போய்விடும் என்பதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

இன்னொரு விஷயம். 'பாண்டி' என்று போட்டிருக்கும் ஈசிஆர் ஹோட்டல்கள் பல, கோட்டக்குப்பம் தாண்டியவுடன் விழுப்புரம் மாவட்டத்தில், அதாவது தமிழ்நாட்டில் இருக்கின்றன. ஊருக்குள் பாட்டில் வாங்கிக்கொண்டு ரூமுக்குத் திரும்பும்போது நீங்கள் மாநில எல்லையைத் தாண்டுகிறீர்கள். நடுவில் செக்போஸ்ட் உண்டு. புரிஞ்சவங்களுக்குப் புரியும்.

அலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரையிலிருந்து பார்க்கச் சாதுவாகத் தெரியும் இடத்தில்தான் உள்ளிழுக்கும் நீரோட்டம் இருக்கும். ஹோட்டலில் 'பீச் ஆக்சஸ் இருக்கு' என்றால், 'அங்க உள்ளூர்க்காரங்க இறங்குவாங்களா?' என்று திருப்பிக் கேளுங்கள். மீனவர்களே "இங்க வேணாம் தம்பி" என்கிற இடத்தில், ஹோட்டல் எவ்வளவு ஸ்டார் வைத்திருந்தாலும் காலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

போன் போட்டுப் பேசுங்க

ரிவ்யூ படிப்பதில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஐந்து நட்சத்திரத்தையும் படிக்க மாட்டேன், ஒரு நட்சத்திரத்தையும் படிக்க மாட்டேன். முன்னது சில நேரம் பழகியவர்கள் போட்டது, பின்னது கோபத்தில் போட்டது. மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள்தான் நிதானமானவர்கள். "ரூம் நல்லாருக்கு, ஆனா..." என்று எழுதுவார்கள். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால்தான் விஷயமே இருக்கும். உப்புக்காற்று ஏசியையும் குழாயையும் துருப்பிடிக்க வைக்கும், சுவர் ஓதம் காக்கும். அதனால் புதுசிலிருந்து பழசுக்கு வரிசைப்படுத்திப் படியுங்கள். போன மாதம் வந்தவர் சொல்வதுதான் கணக்கு.

பிறகு ஹோட்டலுக்கே நேரடியாகப் போன் அடியுங்கள். கட்டிலில் உட்கார்ந்தால் கடல் தெரியுமா, பால்கனியில் நின்றால்தானா? குளிக்கிற தண்ணீர் உப்பா? பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா? மொட்டை மாடியில் பார் இருந்தால் பாட்டு எத்தனை மணி வரை? ரூமை வாட்ஸ்அப்பில் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னால் நல்ல இடங்களில் அனுப்பிவிடுவார்கள். மழுப்பினால் அடுத்த ஹோட்டலைப் பாருங்கள்.

ஆனால் அந்த நம்பரை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். பிரபல ஹோட்டல் பெயரில் போலி வெப்சைட், போலி நம்பர் வைத்து அட்வான்ஸ் கறக்கும் கும்பல்கள் இருக்கின்றன. "இப்பவே முழுப் பணத்தையும் யுபிஐ பண்ணா 40% தள்ளுபடி" என்று அவசரப்படுத்தினால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் போகிற கணக்கு ஹோட்டல் பெயரில் இல்லாமல் யாரோ தனிநபர் பெயரில் வந்தாலும் அதேதான். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930-க்கு அழையுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு நிமிஷமும் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

பில்லில் வரி தனி. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான ரூமுக்கு ஜிஎஸ்டி 5%, அதற்கு மேல் 18%. 7,500 ரூபாய் ரூமுக்கு நீங்கள் கட்டுவது 7,875. வெறும் நூறு ரூபாய் கூடி 7,600 ஆனால் 8,968! இந்த எல்லையில் இருக்கும் ரூம் என்றால் பேரம் பேசுங்கள், நூறு ரூபாய் குறைத்தாலே ஆயிரத்துச் சொச்சம் மிச்சம். வெள்ளி, சனி விலைக்கும் திங்கள், செவ்வாய் விலைக்கும் உள்ள வித்தியாசமும் பெரிசு. சென்னையும் பெங்களூரும் ஒரே நேரத்தில் வந்து இறங்குகிற ஊர் இது. ஆகஸ்ட் 15 ஒட்டி லாங் வீக்எண்ட், நியூ இயர் எல்லாம் கேட்கவே வேண்டாம்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை விலை இறங்கினால் சந்தோஷப்படுவதற்கு முன் வானிலையைப் பாருங்கள். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது புதுச்சேரி பக்கத்தில்தான், நகரமே தண்ணீரில் நின்றது. அந்த மாதங்களில் பணம் திரும்பக் கிடைக்கிற புக்கிங்கை மட்டும் போடுங்கள், கொஞ்சம் விலை கூட இருந்தாலும்.

ஜோடியாகப் போகிறவர்களுக்கு

18 வயதான ஆணும் பெண்ணும் கல்யாணம் ஆகாமல் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019-ல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனாலும் 'எங்க ரூல்' என்று சொல்லி மறுக்கும் விடுதிகள் உண்டு, உள்ளூர் முகவரி உள்ள அடையாள அட்டையை வாங்காத விடுதிகளும் உண்டு. ராத்திரி பதினொரு மணிக்கு ரிசப்ஷனில் நின்று சட்டம் பேசி ஜெயிப்பது கஷ்டம். புக் பண்ணும்போதே கேட்டு, பதிலை மெசேஜில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரெண்டு பேருமே அசல் அடையாள அட்டை கொண்டுபோகணும். ஆதார் நகல் கேட்டால், நம்பரின் முதல் எட்டு இலக்கங்களை மறைத்த 'மாஸ்க்டு ஆதார்' கொடுங்கள்.

ஆசிரம விடுதிகளில் ரூம் கிடைத்தால் சுத்தமும் அமைதியும் கேரன்ட்டி. ஆனால் மது, சிகரெட் கூடாது, ராத்திரி குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் கேட்டை மூடிவிடுவார்கள். பார்ட்டி மூடில் போகிற கேங்குக்கு அது சரிவராது. புத்தகத்தோடு போகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம்.

கடைசியாக, நைட் பஸ்ஸில் போகிறவர்கள் மறந்துபோகிற ஒன்று. பஸ் விடிகாலை அஞ்சு மணிக்கு இறக்கிவிடும், செக்-இன் மதியம் 12-க்கோ ஒரு மணிக்கோதான். பையை மட்டும் முன்னாடியே வைத்துக்கொள்வார்களா, முகம் கழுவ பாத்ரூம் தருவார்களா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். பையை இறக்கி வைத்துவிட்டு ராக் பீச்சுக்கு நடந்தால் சூரியன் நேர் எதிரே கடலிலிருந்து எழும். அந்த நேரத்தில் சாலையில் வண்டியும் இருக்காது. கட்டைச் சுவரில் உட்கார்ந்து பாருங்க, அதுக்கு ஸீ வியூ சார்ஜ் கிடையாது.